சண்டை பிடித்த புறாக்களை வரைந்த றெஜினா அக்கா

றெஜினா அக்கா போய்விட்டார்...

இன்று காலை அவரின் மகள் சோஃபி ஃபோன் எடுத்தாள். "மாமா, அம்மா..." என்றாள். அதற்குப் பிறகு முழுக்கப் பிரெஞ்சு. எனக்குப் பாதிதான் விளங்கியது, அதுவே போதுமாயிருந்தது.

அப்போது நான் பட்டறையில் பிரெஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே அக்காவின் ஸ்கி. இன்னும் திறக்கிற நேரம் வரவில்லை.

தெரியாத நண்பர்களுக்காக... கியூபெக்கின் செயின்ட்-மிஷேலில், பனியில் சறுக்கக் காலில் பூட்டுகிற ஸ்கிப் பலகை செய்கிற சின்னப் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. மரப்பலகை, கண்ணாடிநார்த் துணி, பசை எல்லாவற்றையும் அடுக்கிப் பிரெஸ்ஸில் வைத்துச் சூட்டில் அழுத்தி எடுப்பேன். மேலே வருகிற படங்களை வரைகிறவர்தான் றெஜினா அக்கா. சொந்த இடம் மன்னார்.

ஸ்கியின் வடிவத்தைப் போடுவது முதலாளி லூக். மா மாதிரி உதிரியாகக் கிடக்கிற புதுப்பனியைப் பவுடர் என்பார்கள். அதில் புதையாமல் மிதக்க ஸ்கி அகலமாகவும் நுனி நிமிர்ந்தும் இருக்க வேண்டும்.

ஆனால் கியூபெக் மலைகளில் பாதி நாள் ஐஸ்தான். அகலமான ஸ்கி அதில் பிடிக்காது. வாங்குகிறவர்களுக்கோ இரண்டுக்கும் ஒரே ஸ்கி வேண்டும். லூக் ஸ்கியின் இடுப்பைக் குறுக்குவான், மறுபடி அகட்டுவான், தலையைப் பிய்த்துக்கொள்வான்.

"கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஒரே சாரி கேக்கினம். பாவம், அவன் என்ன செய்வான்?" என்பார் அக்கா.

அந்த நேரம் ஸ்கி என்றாலே மண்டையோடும் நெருப்பும்தான் ஃபேஷன். லூக்கும் மண்டையோடு கேட்டான். அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் அதை ஊர்ச் சண்டைக்குள்ள நேரில பாத்தனான் தம்பி. ஆக்கள் கால்ல பூட்டிக்கொண்டு விளையாடுறதுக்கு என்னால கீறித் தர ஏலாது. நீயே அவனுக்குச் சொல்லு."

எப்படிச் சொல்வது? "நோ" என்று மட்டும் சொன்னேன். லூக் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அதற்குப் பதிலாக வந்தவைதான் புறாக்கள். மெட்ரோ வாசலில் குளிருக்கு உப்பிப்போய் நிற்குமே, அந்தக் குண்டுப் புறாக்கள். அகலமான ஸ்கிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தன. ஸ்கிக்கு ஒன்றாக, ஒன்றையொன்று பார்த்தபடி.

படம் ஒரு கண்ணாடித் தாளின் அடிப்பக்கத்தில் அச்சாகும். அதனால் இடம் வலம் மாற்றித்தான் அச்சடிக்க வேண்டும். அக்கா தானே மாற்றி வரைந்து அனுப்பிவிட்டார். அச்சகத்துக்காரர் தங்கள் பங்குக்கு இன்னொருமுறை மாற்றிவிட்டார்கள்.

பிரெஸ்ஸைத் திறந்தால்... கோபித்துக்கொண்ட புருசன் பெண்சாதி மாதிரி இரண்டு புறாவும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன!

லூக் தலையில் கைவைத்தான். அக்கா சிரிக்கத் தொடங்கினார், கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு இரண்டு ஸ்கியையும் தூக்கி இடம் மாற்றி வைத்தார். ஸ்கிக்குத்தான் இடது வலது கிடையாதே.

"இப்ப சமாதானம். பிறகும் சண்டை வந்தா மாத்திப் போடட்டும்."

எங்கள் ஸ்கிகளில் அதிகம் விற்றது அந்தப் புறா ஸ்கிதான்.

போன இலையுதிர் காலத்தில் வயிற்றில் கான்சர் என்றார்கள்... பனி கொட்டத் தொடங்கியதும் அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே ஒரு படம் கீறினார். ஜன்னலுக்குக் கீழே பனி அள்ளுகிற லாரிகள். ஸ்கியின் வால் முதல் நுனி வரை ஒன்றன் பின் ஒன்றாக.

"ஒரு பகுதி ஸ்னோவைத் தேடி மலைக்கு ஓடுது. ஒரு பகுதி இஞ்ச அதை அள்ளிக் கொட்டுது. விசர் ஊர், என்ன?"

பிறகு சொன்னார், "இதை ஒருக்கா ஸ்கியில பாத்திட்டன் எண்டாக் காணும் தம்பி."

வேறு எதுவும் அவர் என்னிடம் கேட்கவில்லை.

அச்சுத் தாள் நேற்றுத்தான் வந்தது. வந்த கையோடு அடுக்கிப் பிரெஸ்ஸில் போட்டேன். ஆனால் பசை இறுகி, சூடு ஆறும்வரை விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் பலகை முறுக்கிக்கொள்ளும்.

சோஃபி மெசேஜ் மேல் மெசேஜ் போட்டாள். "அம்மா கேக்கிறா, ரெடியோ?"

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு" என்று பதில் போட்டேன். வேறென்ன போட? பசையை அதட்ட முடியுமா...

காலையில் அவள் ஃபோனை வைத்த பிறகும் அங்கேயே நின்றேன். நேரம் வந்ததும் திறந்தேன். சோடி ஒரு பிழையும் இல்லாமல் வந்திருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரில் என்று தெரியவில்லை.

பின்னேரம் சோஃபி மறுபடி எடுத்தாள்.

"மாமா, ஸ்கியை அம்மாவோட பெட்டிக்குள்ள வைக்க விருப்பம். நீளம் கூட, மூட ஏலாது எண்டு சொல்லுறாங்கள். வெட்டலாமோ?"

வெட்டலாம். ஓரங்களை நாள்தோறும் வெட்டுகிற மெஷின் வாள் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கிறது...

லூக்கிடம் சொன்னேன். அவன் ஒரு ஸ்கியை முழுசாகச் சோஃபிக்கு எடுத்து வைத்தான். மற்றதை நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவன் ஒரு பக்கம் பிடித்தான்.

எந்த இடத்தில் வெட்டுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எங்கே வாளை வைத்தாலும் ஒரு லாரி பாதியாகிறது.

வெட்டினோம்.

முன்துண்டை உங்கட கைக்குப் பக்கத்தில வைக்கச் சொல்லியிருக்கிறம் அக்கா. இனி அவசரமில்லை, ஆறுதலாப் பாருங்கோ...