வாலில் எழுதிய நம்பர்

குண்டு போடுகிற விமானத்துக்கு என்ன நிறம் அடிப்பது என்ற கவலை எந்தக் குடும்பத்துக்கும் வருவதில்லை. எங்கள் குடும்பத்துக்கு வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

தேனியிலிருந்து தேவாரத்துக்குப் போகிற பஸ் இரண்டு நிமிடம் நின்று போகும் ஊர் எங்களுடையது. நடுவில் மாதா கோயில், அதை ஒட்டி மிஷன் பள்ளிக்கூடம். அங்கே படித்த ஒருவர் விமானப்படையில் நேவிகேட்டராக, அதாவது விமானிக்குப் பின்னால் உட்கார்ந்து வழி பார்த்துச் சொல்கிறவராக இருந்தார். அந்தப் பெருமைக்காக ஓய்வு கொடுக்கப்பட்ட பழைய குண்டு விமானம் ஒன்றைப் பள்ளிக்குக் கேட்டு வாங்கினார்கள். அந்த ஒருவர் என் பெரியப்பா. நான் அவரைப் பார்த்ததில்லை. எழுபத்தொன்றில் நடந்த பாகிஸ்தான் சண்டையில் அவர் போன விமானம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்த தந்தியில் காணவில்லை என்றுதான் இருந்தது. இறந்துவிட்டார் என்று இல்லை.

பெரியம்மா அந்தக் காணவில்லையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி எட்டே மாதம். அதற்குப் பிறகு முப்பத்தாறு வருஷம் தாலியோடும் பொட்டோடும் தலை நிறையப் பூவோடும் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். தந்தி வந்தபோது என் அப்பா எட்டு வயதுப் பையன். அவரை வளர்த்ததில் பாதி பெரியம்மாதான். ஊரும் அவள் கணக்கை ஒத்துக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டில் தாலி உள்ள பெண்கள் சீர்த்தட்டுத் தூக்கும்போது முதல் தட்டு அவள் கையில்தான் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால், பெரியப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார், லீவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று சொல்லியிருப்பேன்.

விமானம் மூன்று டிரெய்லர்களில் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. வந்த ஆட்கள் இறக்கையையும் வாலையும் பூட்டி நிறுத்திவிட்டுப் போனார்கள். கடைசிக் காலத்தில் மற்ற விமானங்கள் சுட்டுப் பழகுவதற்காக ஒரு துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு பறந்ததாம் அது. வயிற்றில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை, அங்கங்கே நசுங்கல், உள்ளே எலிப் புழுக்கை. தட்டி நிமிர்த்திப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கிற வேலை அப்பாவிடம் வந்தது. அப்பா தேனியில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்.

நிறத்தில்தான் தகராறு. திறப்பு விழா ஆகஸ்டு பதினைந்து. அன்றைக்கு மாதா விண்ணேற்புத் திருநாளும் என்பதால் வெள்ளையும் நீலமும் அடிக்கலாம் என்றார் பங்குச் சாமியார். மூவர்ணம் போதும் என்றார் ஹெட்மாஸ்டர். பீடம் கட்டிக் கொடுத்த போடி ஏலக்காய் வியாபாரிக்கு எந்த நிறமானாலும் சரிதான், இறக்கையில் கடைப் பெயர் வந்தால் போதும். அப்பா பிடிவாதமாக நின்றார். சண்டைக்குப் போனபோது என்ன நிறத்தில் போனதோ அந்த நிறம்தான், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்ட பிறகுதான் அந்த நிறம் எது என்று அப்பாவுக்கே தெரியாது என்பது வெளியே வந்தது. பெரியம்மாவின் தகரப்பெட்டியில் பெரியப்பா தன் விமானத்தோடு நிற்கிற ஒரே ஒரு போட்டோ இருந்தது, அதுவும் கறுப்பு வெள்ளை. அந்த விமானத்தை நிறத்தோடு பார்த்த ஆள் எங்கள் பக்கத்தில், கல்யாணமான புதிதில் பெரியப்பாவோடு விமானப்படை முகாமில் இருந்த பெரியம்மா ஒருத்திதான்.

அந்தப் பத்து நாளைப் போலப் பெரியம்மாவை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. காலையில் சமையலை அம்மா தலையில் கட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்துவிடுவாள். அப்பா தகரத் துண்டில் பச்சையைத் தடவி நீட்டுவார்.

"இது கிளிப்பச்சை தம்பி. இத அடிச்சா கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கும். வெயில்ல கெடந்து வாடுன வாழை இலை இருக்குல்ல, அந்தப் பக்கமாப் பாரு."

அப்பா ஒரு சொட்டுக் கறுப்பு விடுவார், ஒரு சொட்டு மஞ்சள் விடுவார், மறுபடி நீட்டுவார். பெரியம்மா தகரத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மண் நிறத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. செம்மண்ணும் இல்லை, கரிசலும் இல்லை, இரண்டையும் பிசைந்தது மாதிரி என்றாள். அடிவயிற்றுக்கு மழை பெய்து முடிந்த பிறகு இருக்கிற மேகம் என்றாள். அப்பா ஸ்பிரே கன்னை எடுத்ததும் தடுத்தாள்.

"மெஷின்லயெல்லாம் அடிக்கல தம்பி. நான் போனப்ப எல்லாமே வெள்ளியாத்தான் நின்னுச்சு. சண்டை வருதுன்னு அவசரமா பிரஷ்ஷ வச்சுத்தான் அடிச்சாக. உங்கண்ணனும் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு அடிச்சாக. ஒரு வாரம் அவுக கையில பச்சை போகல. சோறு தின்னாலும் பெயிண்ட் வாசம்."

சொல்லிவிட்டுத் தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அப்பா ஸ்பிரே கன்னை மூட்டை கட்டிவிட்டு நாலு அங்குல பிரஷ்ஷை எடுத்தார்.

உடம்பு முடிந்தது. இனி வால். லாரி பெயிண்டர்கள் நம்பரைக் கடைசியில்தான் எழுதுவார்கள். நம்பர் எழுதாதவரைக்கும் அப்பாவுக்கு அது வண்டியே கிடையாது. அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கேட்டார்.

"மதினி, அந்த போட்டோவக் கொஞ்சம் குடுங்க. வால்ல நம்பர் எழுதணும்."

"இதுக்குன்னு ஒரு நம்பர் இருந்துச்சுல்ல. அதையே எழுது."

"அண்ணன் போன விமானத்து நம்பர எழுதணும் மதினி."

பெரியம்மா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "அந்த நம்பர் போட்டது திரும்பி வரல தம்பி. வராதத இங்கன கொண்டாந்து நிறுத்திட்டா, அவுக மட்டும் எங்கன?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கல்லறைத் திருநாளுக்கு ஊரே சுண்ணாம்பு வாளியத் தூக்கிட்டுப் போகுது. ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறேன். எங்கண்ணனுக்கு அடிக்க எனக்கு ஒரு கல்லு இல்ல மதினி."

"கல்லு எதுக்கு? அவுக வருவாக."

தகரப்பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாளிலிருந்து மைதானத்துக்கு வரவில்லை.

பெட்டியைப் பூட்டி என்ன பிரயோசனம்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் பெரியம்மா அந்த போட்டோவை எடுத்து எனக்குக் காட்டுவது வழக்கம். ஏணியில் ஒரு கால் வைத்துப் பெரியப்பா சிரித்துக்கொண்டிருப்பார். அவர் தோளுக்குப் பின்னால் வாலில் இரண்டு எழுத்தும் மூன்று எண்ணும் தெரியும். எங்கள் ஊர் வழியாகப் போகிற எல்லா பஸ்ஸின் நம்பரையும் ஒப்பிக்கிறவள் நான். இது எனக்கு எந்த மூலைக்கு? பெரியவர்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்கள், குறைவது ஒரு நம்பர், அது என்னிடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அப்பா என்னை விமானி சீட்டில் உட்கார வைப்பார் என்ற ஆசையும் இருந்தது. அப்பாவின் நிற அட்டையின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினேன்.

அப்பா கவிழ்த்துப் போட்டிருந்த டப்பாவின் மேல் உட்கார்ந்து அதையே பார்த்தார். அழுதார். பிறகு என்னைத் தூக்கி விமானி சீட்டில் உட்கார வைத்தார். "பெரியம்மாகிட்டச் சொல்லிராத ஆத்தா. தெறப்பு விழா அன்னைக்கு வந்து பாக்கட்டும். பாத்தா மனசு ஆறும்." நான் உள்ளே இருந்த ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டு பதினைந்தன்று பூசை முடிந்து பெரியம்மா வந்தாள். அப்பா நம்பர்ப் பேச்சை மறுபடி எடுக்காததால், அதை விட்டுவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். பட்டுச் சேலை, மல்லிகைப் பூ. வால் மட்டும் வெள்ளை வேட்டியால் மூடியிருந்தது. பச்சையையும் மண் நிறத்தையும் பார்த்து நின்றுவிட்டாள். "அதே கலரு," என்று அம்மாவிடம் சொன்னாள். குரல் சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது. தந்தி வந்தபோது அவளுக்கு இருந்த வயதை நான் இப்போது தாண்டிவிட்டேன்.

வேட்டியை இழுத்தார்கள். நம்பர் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. அதே நேரம் மைக்கில் ஹெட்மாஸ்டர், டிசம்பர் மாதத்துச் சண்டையில் வீர மரணம் எய்திய நம் மண்ணின் மைந்தர் என்று ஆரம்பித்தார். மரணம் என்ற வார்த்தை நாலு ஒலிபெருக்கியிலும் வந்தது. கை தட்டினார்கள். ஏலக்காய் வியாபாரி சக்கரத்தடியில் ஒரு செவ்வந்தி மாலையை வைத்தார். வைத்ததுதான் தாமதம், ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் முழங்கால் போட்டுச் சிலுவை வரைந்தார்கள். யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். எங்கள் ஊரில் மாலையும் மெழுகுவர்த்தியும் சேர்ந்து தரையில் இருந்தால் அது என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரியம்மா நம்பரைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பிள்ளைகள் வரிசையில் என்னைத் தேடினாள். என் அப்பாவை அவள் பார்க்கவில்லை. நான் பெருமையாகக் கையை ஆட்டினேன்.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. அப்பா ஞாயிறுதோறும் துணியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய் வாலைத் துடைத்துவிட்டு வந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது. அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். தட்டுத் தூக்கும்போது பெரியம்மா பழக்கத்தில் எழுந்தாள். பெண்ணின் அத்தை அவள் தோளை அமுக்கி, "நீங்க உக்காருங்க அக்கா, கால் வலிக்கும்," என்று பாசமாகத்தான் சொன்னாள். முதல் தட்டு என் அம்மா கைக்குப் போனது. பெரியம்மா உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு அவள் பூ வாங்கவில்லை.

அக்டோபர் கடைசியில் கோயிலிலிருந்து வீட்டுக்கு ஒரு சீட்டு வந்தது. கல்லறைத் திருநாள் பூசையில் வாசிப்பதற்காக, அந்தந்த வீட்டில் இறந்தவர்களின் பெயரையும் இறந்த நாளையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சீட்டில் பெரியப்பா பெயர் அதுவரை ஏறியதில்லை. அந்த வருஷம் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"உன் கையெழுத்துத்தான் நல்லாருக்கும். எழுது ஆத்தா."

பெரியப்பா பெயரைச் சொன்னாள். அவள் வாயிலிருந்து முழுப் பெயரையும் அன்றுதான் கேட்டேன். கோபம் தீர்ந்து பெரியம்மா எங்களோடு ராசியாகிவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பெயரை எழுதிவிட்டு, இறந்த நாள் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

"ஆகஸ்டு பதினஞ்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பெரியம்மாவுக்குத் தேதி குழம்பிவிட்டது, பாவம். சண்டை நடந்தது டிசம்பரில் என்று ஹெட்மாஸ்டர் மைக்கில் சொன்னது என் காதிலேயே இருந்தது. அவள் மனம் நோகக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லாமல், நானாகவே திருத்தி, டிசம்பர் என்று எழுதி வருஷத்தையும் போட்டேன்.

பெரியம்மா சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன், தப்பு இல்லாமல் எழுதியதற்கு ஏதாவது சொல்வாள் என்று.