கண்ணாடியில் நின்ற ஆள்

எங்கள் நிழல் தாங்கலில் (அய்யாவழிக்காரர் கும்பிடும் இடம்) சிலை கிடையாது. தலைப்பாகை கட்டி, கண்ணாடி முன் நின்று கும்பிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் என்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இமை வீங்கி, கன்னம் உப்பி, யாரோ ஒருவன் நின்றான். பயந்து, கும்பிடாமலே வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் கூட்டாளி பொன்னுத்துரை, "ஏலே மக்கா, மூஞ்சியில தேனீ கொட்டிச்சா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சத்தம் கரகரவென்று வேறொருவனுடையதாக இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தவன். நாலு பேர் முன் பேசக் கூச்சம். அதனால் நான் பேச்சை நிறுத்தியதை யாரும் நோயாக நினைக்கவில்லை.

சித்திரை வெயிலிலும் எனக்குக் குளிர்ந்தது. வாழைக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, மடையை அடைக்க எழ முடியாமல் வரப்பில் கிடப்பேன். நான் இல்லாவிட்டால் வீட்டுக்கு நல்லது என்று தோன்றும். அந்த நினைப்பு வராத நேரத்திலும், வந்துவிடுமோ என்று நடுங்குவேன்.

மனைவி லெட்சுமி நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனாள். குளிர், மலச்சிக்கல், ஓயாத தூக்கம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். டாக்டரம்மா என்னிடம், "மனசு எப்படி இருக்கு?" என்றார்.

"கண்ணாடியில என்னக் காணல."

"அப்ப யாரக் கண்டீங்க?"

"சாவணும்னு நெனைக்கிற ஒருத்தன."

லெட்சுமி என் கையைப் பிடித்தாள்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு (கழுத்தின் முன்புறச் சுரப்பி) மிகக் குறைவாகச் சுரப்பது தெரிந்தது. அது குறைந்தால் மனச்சோர்வும் (எதிலும் பிடிப்பற்றுப் போகும் நோய்) வரலாம் என்றார் டாக்டரம்மா.

"அப்ப இவியளுக்குக் கிறுக்கு இல்லியே?" என்றாள் லெட்சுமி.

"இல்லம்மா. ஆனா தைராய்டு மாத்திரை மெதுவாத்தான் வேலை செய்யும். அதுவரை தனியா விடாதீங்க. மனநல டாக்டரையும் பாருங்க."

முதல் வாரங்களில் ஒன்றும் மாறவில்லை. மாத்திரைக்கும் கேளாத நோயோ என்ற பயம்தான் எல்லாவற்றிலும் பெரியது. இதே நிலையில் இருப்பவர்களே, அந்த நாட்களை யாருடைய பக்கத்திலாவது கழியுங்கள். பிறகு ஒருநாள் மண்வெட்டி பிடித்தபோது குளிர்ந்தே கிடந்த முதுகில் வியர்த்தது. வேலையை நிறுத்திவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தேன்.

இப்போது காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு, சாயாவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சுவர்க் கண்ணாடி முன் நிற்கிறேன். அடுப்படியிலிருந்து லெட்சுமி கேட்பாள்: "இன்னைக்கு ஆளக் கண்டியளா?"

"கண்டேன்ட்டி."

சில நாள் பார்க்காமலே அப்படிச் சொல்லிவிடுகிறேன். எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு, வாழைத்தோட்டம் வரை என்னோடு நடந்து வருகிறாள்.