தலைகீழ்ப் பெட்டி

தனசிங் அந்தச் சாம்பல் நிற வீடியோ கேம் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்து வைக்கிறார். அதன் முதுகில் காதை ஒட்டிக் கேட்கிறார். உள்ளே சிடி தட்டு சுற்றும் சத்தம் திருப்தியாக இல்லையென்றால் நிமிர்த்தி, ஓர் ஊது ஊதி, மறுபடி கவிழ்ப்பார். செய்த ஜப்பான்காரன் நிமிர்த்தி வைக்கத்தான் செய்தான். கால் நூற்றாண்டாக ஓடியதில் உள்ளே இருக்கும் லென்ஸ் கண் தேய்ந்துபோய், இப்போது கவிழ்த்துப் போட்டால்தான் படிக்கிறது.

சாப்பாடு ஆறுகிறது என்று சமையலறையிலிருந்து மனைவி செலின் சொல்லியாயிற்று. இன்னொரு தரமும் சொல்லியாயிற்று. "ஹவ், ஹவ். சேவ் பண்ணிக்கிட்டு வாரேன்ட்டி" என்று செகந்திராபாத் உருதுவில் ஆமாம் போட்டுப் பதில் வருகிறது. ஆடின இடத்தைப் பெட்டியில் பதிந்து வைப்பதற்குப் பெயர் சேவ்; அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீடு தீப்பிடித்தாலும் இந்த மனுஷன் சேவ் பண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

லாலாகுடா பட்டறையில் ரயில் வண்டிகளுக்கு பிரேக் பார்த்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். செகந்திராபாத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. கேம் பெட்டி, தொண்ணூறுகளின் கடைசியில் மகன் கலேப் நல்ல மார்க் வாங்கினான் என்று வாங்கிக் கொடுத்தது. கலேப் வளர்ந்து, ஊரின் மறுகோடியில், கச்சிபௌலியில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு உயரமான கட்டடத்தில் குடியேறியும் விட்டான். அப்பாதான் வளரவில்லை என்பது செலினின் கட்சி.

தட்டுகள் எல்லாம் ஜப்பான் மொழியில். அந்தக் காலத்தில் கடைக்காரனிடம் மலிவாகக் கிடைத்தது அதுதான். தனசிங்குக்கு அதில் ஓர் எழுத்துத் தெரியாது. "மேலேருந்து மூணாவது மருந்து, அதுக்குக் கீழ தப்பிச்சு ஓட்டம்" என்று இடம் பார்த்தே ஆடுவார். கதையை அவரே இட்டுக்கட்டிக்கொண்டார். வாள் பிடித்த பையன் ஒரு போதகரின் மகனாம். காணாமல் போன தங்கையைத் தேடிப் போகிறானாம். கலேப் ஒரு நாள் நெட்டில் பார்த்து, அவள் தங்கையே இல்லை டாடி, வில்லி என்று சொன்னான். "அவன் தப்பாப் படிச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு, தனசிங் அந்தத் தங்கையைத் தேடிப் போய்விட்டார்.

மலைப்பாதையில் கார் ஓட்டுவது உண்டு, குத்துச்சண்டை உண்டு, பனிமூட்டத்துக்குள் பேய் பங்களா உண்டு. பேய் ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை தொடமாட்டார். அன்றைக்கு மீன் பிடிக்கிற ஆட்டம் மட்டும்தான். இயேசுவின் சீஷர்கள் மீன் பிடித்தவர்கள்தானே என்று அதற்கு ஒரு நியாயம் வேறு. ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது?

போன மழைக்காலத்தில் அவருக்கு லேசாக வாதம் தட்டியது. வாய் கோணவில்லை, நடை போகவில்லை. வலது கைப் பெருவிரல் மட்டும் மரத்துப்போனது. பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் அமுக்கிப் பழக ஒரு மஞ்சள் பந்தைக் கொடுத்தாள். அது இன்றைக்கும் பீரோவுக்கு முட்டுக் கொடுத்தபடி கிடக்கிறது. இவர் டிரம் ஆட்டத்தை எடுத்துக்கொண்டார். பாட்டு ஓடும்; திரையில் குறி வந்து கோட்டைத் தொடும்போது பொத்தானைத் தட்ட வேண்டும். தட்டித் தட்டி, கிறிஸ்துமஸுக்குள் விரலுக்கு உணர்வு வந்தது. "வந்துட்டுட்டி" என்று சின்னப்பிள்ளை மாதிரி விரலை ஆட்டிக் காட்டினார். செலின் சமையலறைக்குள் போய் அழுதாள். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து ஆடுவார்.

இந்த வருஷம் கலேப் ஒரு தட்டை டிவியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினான். பாதி ஹாலை அடைத்துக்கொண்டிருந்த பழைய குண்டு டிவியை, கிடைத்தது சாக்கு என்று செலின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். சபையில் ஆளாளுக்குப் பூசணி, வாழைத்தார், கோழி என்று கொண்டுவந்து படைப்பார்கள். பண்டிகையன்று ஏலம் விட்டு, பணம் சபைக் கோயிலுக்குப் போகும். இவள் பங்குக்கு டிவி. ஹாலைப் பெருக்கும்போது ஒரு பாட்டுகூடப் பாடினாள்.

அதற்கப்புறம் வீடு அமைதியாக இருந்தது. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. புது டிவியில் ஆடிப் பார்த்ததோடு பெட்டிக்கு உறை போட்டுவிட்டார். கூப்பிட்டதும் சாப்பிட வந்தார். வலது கையைப் பேண்ட் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஒரு நாள் காலை, சட்டைப் பித்தானை மாட்டிவிடச் சொல்லி அவள் முன்னால் வந்து நின்றார்.

"கை போயிட்டுட்டி. டிரம்ல ஒண்ணுகூட விழ மாட்டேங்கு. வாதம் திரும்ப வரப்போகுதுன்னு நெனைக்கேன்."

செலினுக்குக் கோபம் வந்தது. எத்தனை நாளாக இதை மனசுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்! டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் விரலை மடக்கி, நீட்டி, ஊசியால் தொட்டுப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். தனசிங் நம்பவில்லை. டாக்டருக்கு டிரம்மைப் பற்றி என்ன தெரியும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும், "ஆடிக் காட்டுங்க" என்றாள். ஆடினார். எல்லாம் தவறியது. அவர் விரல் பாட்டோடு சரியாக விழுவதை அவள் கண்ணால் பார்த்தாள். திரை மட்டும் தப்பு, தப்பு என்றது. கோயில் பாடகர் குழுவில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பாடுகிறவள் அவள். ஆர்கன் தடுமாறினாலும் அவள் தாளம் தடுமாறாது. "குடுங்க இங்க" என்று பிடுங்கித் தட்டினாள். அவளுக்கும் ஒன்றுகூட விழவில்லை.

"உங்க கைக்கு ஒண்ணும் இல்லைங்க. இந்த டிவிக்குத்தான் வாதம்."

கலேப்புக்குப் போன் போட்டாள். பழைய பெட்டியைப் புது டிவியில் மாட்டினால் படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும், "அது நார்மல் மம்மி" என்றான். தெரிந்தே மாட்டியிருக்கிறான்! தனசிங்கோ அதையும் கேட்டுக்கொண்டு, "என் மனசு நோகக்கூடாதுன்னு வேணும்னே தப்பாத் தட்டின. அவனையும் சேத்துக்கிட்ட" என்று சொல்லிவிட்டு, கையைத் திரும்பப் பைக்குள் விட்டுக்கொண்டார். இந்த மனுஷனை என்ன செய்தால் தகும்? பழைய டிவியைக் கொண்டுவா என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டாரா? அதுவும் இல்லை. பித்தான் மாட்ட மட்டும் தினமும் வந்து நின்றார்.

அவளே கோயிலுக்குப் போய், ஏலப் பொறுப்பைப் பார்க்கும் ஆனந்தகுமாரிடம் டிவியைத் திருப்பிக் கேட்டாள். "படைச்சதைத் திருப்பித் தர முடியாதுக்கா. ஏலத்துல எடுத்துக்கிடுங்க" என்றான். சட்டம் பேச மட்டும் எல்லாரும் தயார்.

பண்டிகையன்று பாடகர் குழுவோடு அவள் விடியலிலேயே கிளம்பிவிட்டாள். அவர் எப்படியோ தனியாக வந்து சேரட்டும். எப்படியும் ஏலம் தொடங்கினதும் பின்பக்கம் டீ குடிக்கப் போய்விடுவார். வருஷா வருஷம் அதுதான்.

பூசணி போயிற்று, கோழி போயிற்று. இரண்டு பேர் குண்டு டிவியை மூச்சு வாங்கத் தூக்கி வந்தபோது சபையே சிரித்தது. செலின் கையைத் தூக்கினாள். பக்கத்திலிருந்த எமி, கூடப் பாடுகிறவள், "அக்கா, இது நீங்க குடுத்ததுல்லா?" என்று தொடையில் கிள்ளினாள். செலின் கையை இறக்கவில்லை.

ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ விலையை ஏற்றினார்கள். அவள் மேலே ஏற்றினாள். அங்கிருந்து மறுபடியும் ஏற்றம். நடுவில் தூண் மறைத்தது. ஆனந்தகுமாருக்கு யார் என்று தெரியும். கோயிலுக்கு வருமானம் என்று வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டு நின்றான். இந்த ஓட்டை டிவிக்கு இத்தனை போட்டி போடும் கிறுக்கன் எவன் என்று செலினுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தூக்கின கையோடு எழுந்து, தூணுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள்.

கடைசி வரிசையில் தனசிங் நின்றிருந்தார். பித்தான்கள் ஒன்று மாறி ஒன்று மாட்டி, சட்டை ஒரு பக்கம் ஏறியிருந்தது. அவளை அவர் பார்க்கவில்லை. பார்வை முழுக்க டிவி மேல். இத்தனை நாளாய்ப் பைக்குள்ளேயே கிடந்த வலது கை, பெருவிரல் விரிய, தலைக்கு மேலே நிமிர்ந்து நின்றது.

"அக்கா, ஏத்துதீங்களா?" என்றான் ஆனந்தகுமார்.

செலின் கையை இறக்கி, சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.