மூடாத திரைச்சீலை

யாருக்கும் தொந்தரவு தராமல் ஒருவர் வாழ்ந்து முடித்தால், அது அவர் பிறருக்குச் செய்த நன்மையா, அல்லது பிறர் தன்னிடம் வராதிருக்கச் செய்துகொண்ட ஏற்பாடா? அலைடா மென்சிங்கின் வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. அவளுக்கே அது ஐம்பத்தொன்பதாவது வயதில்தான் எழுந்தது.

நெதர்லாந்தின் சுட்ஃபன் நகரில், ஐசல் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒட்டி ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்று அவளுடையது. கப்பல் சரக்குக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் ஆங்கிலக் கடிதங்களை டச்சுக்கும் டச்சுக் கடிதங்களை ஆங்கிலத்துக்கும் மாற்றிக் கொடுத்தாள். கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. பிழை செய்யாதவள், அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யார் வீட்டுக்கும் நாள் குறிக்காமல் போனதில்லை. போன வீட்டில் ஐந்தரை மணிக்கு மேல் இருந்ததுமில்லை. ஆறு மணிக்கு ஊரே சாப்பிட உட்காரும். உருளைக்கிழங்கு அடுப்பில் ஏறிய வீட்டில் விருந்தாளி உட்கார்ந்திருப்பது அவளைப் பொறுத்தவரை ஏறக்குறைய திருட்டு.

அவளுக்கு ஒரே ஒரு விளையாட்டு உண்டு. பழைய தேயிலை டப்பா ஒன்றில் சின்னச் சின்னச் சீட்டுகளாகச் சொற்களைச் சேர்த்து வைப்பாள். அடுத்தவர் மேல் போய் விழுவதற்கும், அழையாமல் நுழைவதற்கும், பாரமாவதற்கும் இரண்டு மொழிகளிலும் உள்ள சொற்கள். விளையாட்டுக்குக் கூட்டாளி எதிர்வீட்டு மியூரியல். அவள் ஆங்கிலேயப் பெண். பாலம் கட்டும் டச்சு எஞ்சினியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்து, நாற்பது வருடம் அங்கேயே இருந்து, அவரை அடக்கமும் செய்துவிட்டவள். எண்பத்தொரு வயது. ஒரே மகன் இங்கிலாந்தில், நாரிச்சில் இருந்தான். வியாழக்கிழமைதோறும் நாலு மணிக்கு அலைடா எதிர்வீட்டுக்குப் போவாள். தேநீரோடு சீட்டுகளைப் பரப்புவார்கள்.

ஆங்கிலத்தில் அத்துமீறுகிறவன் பெரும்பாலும் தள்ளுகிறான், இல்லையென்றால் எதையாவது சுமத்துகிறான் என்று கண்டுபிடித்தவள் மியூரியல். டச்சில் அவன் விழுகிறான் என்றாள் அலைடா. வீட்டுக்குள் விழுகிறான், பேச்சுக்கு நடுவே விழுகிறான், பாரமாக விழுகிறான். ஒருநாள் மியூரியல் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “எங்க ஊர்ல ஒருத்தர் ‘உங்களைத் தொந்தரவு பண்ண விரும்பல’ன்னு சொன்னா என்ன செய்யணும் தெரியுமா? உடனே கோட்டை மாட்டிக்கிட்டு அவங்க வீட்டுக்கு ஓடணும். எழுதிக்கோ.”

அலைடா எழுதிக்கொண்டாள். தேதியும் போட்டாள்.

மியூரியலிடம் தெரு முழுக்கக் கேலி பேசிய பழக்கம் ஒன்று இருந்தது. பொழுது சாய்ந்ததும் முன் ஜன்னலின் திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவாள். அந்தத் தெருவில் வேறு யாரும் மூடுவதில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு, வருகிறவன் போகிறவன் பார்க்கட்டும், மறைக்க என்ன இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கலாம், ஆனால் பார்க்கமாட்டார்கள். அதுதான் அவர்களுடைய மரியாதை. பக்கத்துவீட்டு பெரெண்ட் மட்டும், “உள்ள என்ன, கள்ளநோட்டா அடிக்கிறாங்க?” என்று ஒவ்வொரு குளிர்காலமும் கேட்பான்.

வடக்கே ஃப்ரீஸ்லாந்தில், பனிக்கட்டி மேல் பதினொரு ஊர் சுற்றும் சறுக்குப் பந்தயம் நடந்த ஜனவரி அது. கால்வாய்கள் உறைந்து கிடந்தன. பந்தயம் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை. மாலை ஐந்து நாற்பதுக்கு அலைடா கீரையையும் உருளைக்கிழங்கையும் மசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“அலைடா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கியா?” மியூரியலின் குரல். கொஞ்சம் மூச்சு வாங்கியது.

“இன்னும் இல்ல. உக்காரப் போறேன். ஏன்?”

“ஒண்ணும் இல்ல. அப்ப வேண்டாம். சாப்பாட்டு நேரத்துல உன்னைத் தொந்தரவு பண்ண விரும்பல.”

அந்த வாக்கியம் டப்பாவில் எந்தச் சீட்டில் இருக்கிறது என்பதுகூட அலைடாவுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் சட்டியில் கீரை சூடாக இருந்தது, சாசேஜை அப்போதுதான் வெட்டியிருந்தாள், அன்றைக்கு அவளுக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. அந்த ஒரு நிமிடம் அவள் டச்சுக்காரியாக இருந்துவிட்டாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தானே.

“அப்ப நாளைக்குக் காலைல வரேன். பத்து மணி?”

“பத்து மணி. ரொம்ப நல்லது,” என்றாள் மியூரியல். அலைடா டைரியில் குறித்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்குக் குப்பைத்தொட்டியைத் தெருவோரம் உருட்டிக்கொண்டு வந்தாள். பெரெண்டும் தன்னுடையதை உருட்டி வந்தான். எதிர்வீட்டு ஜன்னல் இருட்டாக இருந்தது. திரை மூடவில்லை.

“பாத்தீங்களா?” என்றான் பெரெண்ட். “நாப்பது வருஷம் ஆச்சு. மியூரியல் அம்மா ஒருவழியா நம்ம ஆளாயிட்டாங்க.”

அலைடா சிரித்தாள். பிறகு வீட்டுக்குள் போய் வானொலி கேட்டாள்.

மறுநாள் ஒன்பது நாற்பதுக்கே எதிர்வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக மியூரியல் கொடுத்திருந்த சாவி கோட்டுப் பையில் இருந்தது. திரை இன்னும் திறந்தேதான் கிடந்தது, உள்ளே அசைவில்லை. சொன்ன நேரம் பத்து. இருபது நிமிடம் முன்னால் மணியடிப்பது முறையல்ல என்று தெருமுனை வரை நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி நடந்தாள். தேவாலயத்தில் பத்து அடித்த பிறகு மணியை அழுத்தினாள், யாரும் வராததால் சாவியால் திறந்தாள்.

மியூரியல் சமையலறைத் தரையில் கிடந்தாள். கால்மிதி விரிப்பை இழுத்து மேலே போர்த்தியிருந்தாள். வயரைப் பிடித்து இழுத்ததில் போனும் கீழே, அவள் தலைமாட்டில் இருந்தது. ரிசீவர் அதனிடத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. மேசையில் நாலு மணித் தேநீர், பாதி குடித்த கோப்பை. இரவுச் சாப்பாட்டுக்கு எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நுரையீரலில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அலைடா பார்வை நேரத்தில் போனாள். கட்டிலருகே உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்:

“நீங்க எனக்குப் போன் பண்ணினப்பவே விழுந்து கிடந்தீங்களா?”

“இல்லவே இல்ல. அதுக்கப்புறம்தான். ராத்திரி பத்து மணி இருக்கும்.” மியூரியல் அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். “உன் சாப்பாட்டைத்தான் கெடுத்துட்டேன்.”

ஐந்து மணிக்கே இருட்டுகிற மாதம். பத்து மணிவரை திரையை மூடாமல் மியூரியல் இருந்திருக்கமாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். அலைடாவுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. சீட்டு ஞாபகம் வந்தது, ஜன்னலைப் பார்த்தது, பார்த்துச் சிரித்தது. சொல்லியிருந்தால் மியூரியல் அவளைத் தேற்ற வேண்டியிருக்கும். சாகக் கிடக்கிறவள் மேல் தன் குற்றத்தையும் இறக்கி வைப்பதா, அது எல்லாவற்றையும்விடப் பெரிய சுமத்தல் இல்லையா என்று அலைடா யோசித்தாள். யோசனையில் தவறில்லை. அவளுடைய யோசனைகள் எதிலுமே தவறிருந்ததில்லை. பார்வை நேரம் முடிந்த மணி அடித்ததும் எழுந்துகொண்டாள்.

ஒன்பதாம் நாள் மியூரியல் இறந்துபோனாள்.

யாரும் அலைடாவைக் குறை சொல்லவில்லை. டாக்டர், கண்டுபிடித்ததே நல்லது என்றார். நாரிச்சிலிருந்து வந்த மகன் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்கு இப்படியொரு தோழி இருந்தது ஆறுதல் என்றான். பெரெண்ட் மட்டும் சவ அடக்கத்துக்குப் பிறகு காப்பி குடிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல், “அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது...” என்று ஆரம்பித்தான். அலைடா சர்க்கரையை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் முடிக்கவில்லை.

வீட்டைக் காலி செய்கிற அன்று, ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றான் மகன். பீங்கான் கோப்பைகளையும் சுவர்க் கடிகாரத்தையும் எடுத்துக் காட்டினான். அலைடா முன் ஜன்னலின் திரைச்சீலையைக் கேட்டாள். பச்சைப் பூப்போட்டது, ஓரமெல்லாம் வெளுத்தது. கேட்டபோது அவளுக்கு முகம் சிவந்தது. அவள் அடுத்தவரிடம் ஒரு பொருளை வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றே தன் வீட்டு முன் ஜன்னலில் அதை மாட்டினாள். நீளம் ஒரு சாண் அதிகம். வெட்டவில்லை, அப்படியே தரையில் புரள விட்டாள். பொழுது சாய்ந்ததும் இழுத்து மூடினாள். மறுநாளும் மூடினாள். கோடையில், பத்து மணிவரை வெளிச்சம் நிற்கிற நாட்களிலும், அந்தப் பத்து மணிக்கு எழுந்துபோய் மூடினாள். வியாழக்கிழமை நாலு மணிக்கு யார் வீட்டுக்கும் போகவில்லை. டப்பாவில் புதிய சீட்டு எதுவும் சேரவில்லை. பழையவற்றை எறியவும் இல்லை.

“என்ன, நீங்களும் கள்ளநோட்டு அடிக்க ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று பெரெண்ட் ஒருநாள் கேட்டான். கேட்டுவிட்டு, தான் சிரிக்காததை அவனே கவனித்தான். பிறகு, “எதுக்கு அலைடா இது?” என்றான்.

அடுப்பில் உருளைக்கிழங்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் திரை மூடியது. பெரெண்ட் அது முழுக்க மூடும்வரை நின்று பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனான்.