அமாவாசையன்று வந்த பூண்டு வாசம்

என் அக்காளின் தலைமுடியைப் பற்றித் தென்காசியில் பேசாத வாய் கிடையாது. கல்யாணத்தன்று, "கொண்டை கனத்துல பிள்ளை கழுத்து ஒடிஞ்சிராம" என்று கேலி செய்தார்கள். அதே வாய்கள் இரண்டாம் வருஷம் வேறு பேசின. சித்திரை லீவில், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஓடும் யுத்தகாலக் கரிவாயு பஸ்ஸில், தென்காசியில் அவள் புகுந்த வீட்டுக்குப் போய் இறங்கினேன். வகிடு விரலகலம் விரிந்திருந்தது. சவுரி வைத்துப் பின்னியிருந்தாள். தலையணையில் முடி, அம்மியில் முடி, குழம்பிலும் முடி.

"தம்பி, நீங்களே சொல்லுங்க" என்றாள் அவளுடைய மாமியார். "இப்படி முடி கொட்டுத பொம்பளை அடுப்படிக்கு ஆவாளா? தைக்குள்ள சரியாகலைன்னா உங்க வீட்டுல கொண்டாந்து விட்டுருதோம். எம்பிள்ளைக்கு வேற பாக்கணும்லா?"

அவள் பிள்ளை, என் அத்தான், பக்கத்தில்தான் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவிக்கொண்டே இருந்தார். அந்த வெற்றிலையைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது எனக்கு.

நான் இண்டர்மீடியட்டில் கெமிஸ்ட்ரி படிக்கிறவன். காரணம் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று நம்புகிறவன். எங்கள் வீட்டில் கொட்டாத முடி இந்த வீட்டுக்கு வந்து கொட்டுகிறதென்றால், கோளாறு தலையிலா வீட்டிலா? முதலில் கிணற்றைச் சந்தேகப்பட்டேன். உப்புத் தண்ணீராக இருக்கும் என்று ஒரு வாளி இறைத்து, சோப்பைத் தேய்த்துப் பார்த்தேன். நுரை பொங்கி வழிந்தது; நல்ல தண்ணீர்தான்.

"ஏலே, துணி தொவைக்கவா வந்தே?" என்று அக்கா சிரித்தாள். அவளால் அப்போதும் சிரிக்க முடிந்தது.

ஆனியில் சாரல் விழுந்ததும் குடும்பமே குற்றாலத்தில் வீடு பிடித்துத் தங்கியது. ஆடி வரைக்கும் தினமும் எண்ணெய் தேய்த்து அருவியில் குளியல். ஒரு சனிக்கிழமை நான் போனபோது அக்காள் நெற்றியோரம் பூனைமுடி அரும்பியிருந்தது. மாமியார் முகமெல்லாம் வெற்றி. "பாத்தியளா? உங்க வீட்டு உடம்புச் சூடு. அருவித் தண்ணிதான் அடக்கிச்சு."

ஆடி முடிந்து தென்காசி வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆவணியிலேயே மறுபடி கொட்ட ஆரம்பித்தது. "அருவியும் கைவிட்டுட்டே, இனி என்ன செய்ய?" என்று தை மாதத்துப் பேச்சு மறுபடி வந்தது. குற்றாலத்தில் நின்றது இங்கே வந்ததும் ஏன் கொட்டுகிறது என்று ஒருத்தருக்காவது கேட்கத் தோன்ற வேண்டாமா!

புரட்டாசி மகாளய அமாவாசைக்கு நான் அங்கே இருந்தேன். முன்னோருக்குப் படைக்கும் நாள். வெங்காயம், பூண்டு எதுவும் சமையலில் சேராது. படையலுக்கு இலை போட்டாயிற்று. அடுப்படிக்குள் நுழைந்த மாமியார் மூக்கைச் சுளித்தாள்.

"ஏட்டி, அமாவாசையும் அதுவுமா பூண்டு உரிச்சியா?"

"இல்ல அத்தை. சத்தியமா இல்ல."

"அப்ப இந்த வாசம் உங்கப்பன் வீட்டுல இருந்தா வருது? முடிதான் போச்சு, புத்தியுமா போச்சு?"

வாசம் எனக்கும் வந்தது. பூண்டேதான். ஆனால் இதே வாசத்தை நான் காலேஜ் சோதனைச் சாலையில் பிடித்திருக்கிறேன். ஆர்சனிக் பாஷாணத்தைக் கரியில் வைத்துச் சுட்டால் இப்படித்தான் நாறும். அடுப்படிப் பின் ஜன்னலுக்கு ஓடினேன். ஜன்னலை ஒட்டி மாமனாரின் கொட்டில். வரட்டி நெருப்புக்கு நடுவே, வாயோடு வாய் சேர்த்து, மண்ணில் தோய்த்த துணியைச் சுற்றிச் சீலைமண் பூசிய இரண்டு அகல்கள். பூச்சு வெடித்து, வெடிப்பின் வழியே வெள்ளைப் புகை. பக்கத்தில் சிந்தியிருந்த மஞ்சள் தூள் உள்ளே என்ன என்று காட்டிக்கொடுத்தது: தாளகம், பாஷாணத்தில் ஒரு வகை. அவர் வைத்தியர் இல்லை. அவருக்கு நரைக்கக் கூடாதாம், அதற்கு மருந்தாக இந்தப் புடம் என்றாள் அக்கா! நெருப்பை மூட்டிவிட்டு அவர் வாசல் பக்கம் போய்விடுவார். அணையாமல் விசிறுவது மருமகள் வேலை. விசிறிவிட்டு வந்து அதே புகைக்குள் சமைப்பதும் அவள்தான். மற்ற நாட்களில் அடுப்படியில் பூண்டு வாசம் வந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

"மாமா, இது விஷப் புகை! இதுதான் அக்கா முடியக் கொட்ட வைக்குது!" என்று கத்தினேன்.

வந்தவர் தன் தலையைத் தடவிக் காட்டினார். "எனக்குக் கொட்டுச்சாலே?"

"நீங்க எங்க விசிறுனிய? விசிறுதது அவ!"

"ரெண்டு எழுத்து இங்கிலீசு படிச்சா பெரியவங்களுக்குப் புத்தி சொல்லிருவியோ? போலே அங்கன!"

நான் மாமியார் பக்கம் திரும்பினேன். "அத்தை, நீங்களே வந்து மோந்து பாருங்க. அவ பூண்டு உரிக்கல. வாசம் இங்கன இருந்துதான் வருது."

ஜன்னலருகே வந்து முகர்ந்தாள். அக்காளை ஒரு தடவையாவது பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் பார்த்தது படையல் இலையை.

"அப்ப காக்காய்க்கு வைக்கப்போற சோறு பூரா இந்த நாத்தமா?" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குள் போனாள். தண்ணீர் விழுந்ததும் பழுக்கக் காய்ந்த அகல்கள் படார் என்று தெறித்தன. "இனி இங்கன நெருப்பு வச்சிய, நான் இந்த வீட்டுல ஒல வைக்க மாட்டேன்." மாமனார் கொட்டில் கதவைச் சாத்தினார்.

ஒரு பெண்ணின் தலை பாழாகிக்கொண்டிருந்தபோது அணையாத நெருப்பு, காக்காய்ச் சோற்றுக்காக ஒரு குடம் தண்ணீரில் அணைந்துபோயிற்று.

தை வந்தது. முடி கொட்டுவது நின்றிருந்தது. சவுரி இன்னும் வேண்டியிருந்தது, ஆனால் வேறு பெண் பார்க்கும் பேச்சு எழவில்லை. மன்னிப்பா? அந்த வார்த்தை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பொங்கலன்று பக்கத்து வீட்டு மருமகள், தனக்கும் முடி கொட்டுகிறது என்று வந்து நின்றாள். மாமியார் சொன்னாள்: "குத்தாலத்துக்குப் போ. எம் மருமகளுக்கு அருவித் தண்ணிதான் நிப்பாட்டுச்சு."

அக்கா அடுப்படியிலிருந்து, பேசாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் அடங்கவில்லை.

"அருவி கிடக்கட்டும்க்கா" என்றேன் அந்தப் பெண்ணிடம். "உங்க அடுப்படிக்குப் பின்னால என்ன எரியுது? அதச் சொல்லுங்க முதல்ல."