இருமாத காவல்காரன்

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அக்கா லீவில் வந்தபோது அம்மாவுக்குக் கம்பளியும் அப்பாவுக்கு டார்ச்சும் எனக்குக் கையில் பிடித்து விளையாடும் ஒரு கேமும் கொண்டுவந்தாள். அவள் வேலை செய்த வீட்டுப் பையன் தோற்ற கோபத்தில் அதைச் சுவரில் அடித்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டானாம். அடிபட்டதில் ஓடுவதற்கான பொத்தான் செத்துப்போயிருந்தது. மற்றபடி நல்ல சாமான்.

அதற்குள் ஒரே ஒரு விளையாட்டுதான் இருந்தது. கறுப்பு உடுப்புப் போட்ட ஒருத்தன் எதிரியின் கோட்டைக்குள் சத்தமில்லாமல் நுழைந்து, காவல்காரர்கள் கண்ணில் படாமல் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். மற்றவர்களின் வீரன் ஓடியும் குதித்தும் உலகத்தைக் காப்பாற்றியிருப்பான். என் வீரன் ஊர்ந்தே காப்பாற்றினான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஆசிரியர் நியமனம் இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்த எனக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.

டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒளிவு மறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே கூரை, வரிசையாக அறைகள், நடுவில் கூரைவரை எட்டாத சுவர். முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் சுக்கு தட்டுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு, யார் கண்ணிலும் படாமல் ஒரு மனுஷன் அங்குமிங்கும் போய்வரலாம் என்பதே சொர்க்கமாக இருந்தது. சீக்கிரமே அந்த வித்தையில் நான்தான் பெரிய ஆள் என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன். தோட்டத்தில் எனக்குப் போட்டியாக யாரும் இல்லை என்பதால் அது உண்மையும்கூட.

அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது சரிவில் விழுந்து முழங்கால் போன பிறகு, அவருக்கு டர்பன்டைன் தோப்பைக் காக்கும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். ஃபேக்டரி அடுப்புக்காகத் தோட்டம் வளர்க்கும் மரங்கள் அவை. அதனால் திரையில் வரும் காவல்காரர்களை அவர் தன்னோடு வேலை செய்கிற ஆட்களாகவே நினைத்தார். அவர்கள் செய்வது எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்னா புள்ள இவன், இருமாம வர்றான்?" என்பார். "காவக்காரன்னா ஒரு சத்தங் குடுத்துட்டு வர வேணாமா? உள்ள ஆள் இருந்தா என்னா பண்ணுவாங்க?"

"ஆளப் பிடிக்கத்தானப்பா வர்றான்."

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வெற்றிலையை எடுப்பார்.

அப்பாவின் இருமல் எங்கள் தோட்டத்தில் பேர்போனது. தோப்பின் கீழ் வளைவில் ஆரம்பித்தால் மேட்டு லயத்தில் நாய்கள் எழுந்து உட்காரும். இருமலோடு நிற்காது; தடியால் தகரப் பலகையில் ஒரு தட்டு, பிறகு காமன் கூத்துப் பாட்டில் இரண்டு அடி, மறுபடி இருமல். ஒரு மாப்பிள்ளை அழைப்பே வருகிறது என்று நினைக்கத் தோன்றும். டிஸ்பென்சரி ஐயா நெஞ்சுச் சளி என்று போத்தல் போத்தலாக மருந்து கொடுத்துப் பார்த்தார். மருந்துக்கு அடங்குகிற இருமலா அது? வீட்டில் அவர் ஒருநாளும் இருமியதில்லை. அது ஏன் என்று உயர்தரம்வரை படித்த நான் யோசித்ததும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் தோட்டத்தை நடத்தும் துரைக்கு உதவியாகப் புதிதாக ஒரு சின்னத்துரை வந்தார். வந்த கையோடு தோப்பைச் சுற்றிப் பார்த்தார். கிளைகள் காணாமல் போயிருந்தன, சில இடங்களில் இளமரங்களே காணாமல் போயிருந்தன. மறுநாள் காலை ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் அப்பாவைக் கூப்பிட்டார். மாதம் முடிவதற்குள் ஒரு விறகுத் திருடரையாவது பிடித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பக் கவ்வாத்துக்குப் போக வேண்டும் என்றார்.

அன்று அப்பா சாப்பிடவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தக் காலோடு கத்தியும் கையுமாக மலையில் ஏறினால் மறுபடி விழுவார், இந்தமுறை முழங்காலோடு போகாது. அம்மா மட்டும் எதுவும் நடக்காதது போல ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். "மொதல்ல சாப்பிடுங்க. எவ அம்புடுவான்னு நானும் பாக்குறேன்" என்றாள்.

நாட்கள் போயின. அப்பா இருமிக்கொண்டே போனார், வெறுங்கையோடு வந்தார். பொறுக்க முடியாமல், அம்மா தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அப்பாவைப் பிடித்து உட்கார வைத்தேன். கேமைத் திறந்து பாடம் நடத்தினேன். பூட்ஸைக் கழற்ற வேண்டும். மேட்டில் நிற்கக் கூடாது, பனிமூட்டம் இறங்கும் பக்கமாக நிற்க வேண்டும். திருடர் நுழைகிற வழியில் காத்திருப்பவன் முட்டாள், சுமையோடு திரும்புகிற வழியில்தான் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருமவே கூடாது.

"இருமாம எப்படிப் புள்ள?" என்றார், மூச்சே விடக் கூடாது என்று நான் சொன்ன மாதிரி.

"துண்டை வாயில வச்சுக்குங்க. அம்மாகிட்டயும் சொல்லாதீங்க. அவங்க கொழுந்து மலையில சொன்னா அங்கேருந்து டவுனுக்கே போயிரும்."

எங்கள் லயத்தின் சரித்திரத்திலேயே வெளியே போகாத முதல் ரகசியம் அதுவாகத்தான் இருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் வேலை விட்ட பிறகு, வெளிச்சம் மங்கும் முன்பே தோப்புக்குப் போய்விட்டோம். என் பாடம் செல்லுபடியாவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமே, நானும் பின்னாலேயே போனேன். பனிமூட்டம் சொல்லிவைத்த மாதிரி இறங்கியது. அப்பா வெறுங்காலோடு மரத்துக்குப் பின்னால் நின்றார். நான் ஒரு புதருக்குப் பின்னால் குந்தியிருந்தேன். விளையாட்டில் அட்டைகள் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்று என் கெண்டைக்காலில் ஏறி நிதானமாகச் சாப்பிட உட்கார்ந்தது. என் வீரனின் மானத்தைக் காப்பாற்ற அசையாமல் இருந்தேன்.

மேலே சுள்ளி ஒடியும் சத்தம் கேட்டது. பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு விறகுக் கட்டு மட்டும் மிதந்து வந்தது. அதற்குக் கீழே தலை, தோள், இடுப்பில் சாக்குப் படங்கு. அப்பா மரத்தைவிட்டு வெளியே வந்து வழியை மறித்தார்.

அம்மா நின்றாள். விறகைக் கீழே போடவில்லை, பதறவில்லை. அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, இன்னைக்கு இருமலயா? ஒடம்புக்குச் சரியில்லையா?"

எங்கள் வீட்டில் எரிவது கவ்வாத்து மலையில் கிடைக்கும் மிலாறுக் குச்சிகள் என்றுதான் நான் நம்பியிருந்தேன். வருஷக்கணக்காக எங்கள் சுடுதண்ணீரும் சோறும் டர்பன்டைன் வாசம் அடித்தன. படிக்கிற பிள்ளை என்று விறகுக்குப் போக விடாமல் வளர்த்தார்கள், நான் படித்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து இன்னும் காலடிகள் கேட்டன. பக்கத்து வீடுகளின் பெண்கள். அம்மா திரும்பி நின்று, விறகுக் கட்டு தலையில் குலுங்க, இருமினாள். அப்பாவின் இருமல் அச்சு அசலாக. தகரப் பலகை இல்லாத குறைதான். மேலே காலடிகள் சிதறி ஓடி அடங்கின.

புதரிலிருந்து அட்டையும் நானுமாக எழுந்து நின்றோம். அம்மா என்னையும் பார்த்தாள், வாய்க்குள் துண்டோடு நின்ற அப்பாவையும் பார்த்தாள். யார் திட்டம் என்று கேட்கவே இல்லை.

"பிடிச்சாச்சுல்ல. தொரை பங்களாவுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"நீ வீட்டுக்குப் போ. நாளைக்கு வேற யாரையாச்சும் பாத்துக்கலாம்."

"வேற யார? பக்கத்து வீட்டுக்காரிய நீங்க பிடிச்சுக் குடுத்தா, மறுநாள் கொழுந்து மலையில அவ பக்கத்துல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? ஒங்களக் கவ்வாத்துக்கு அனுப்பிட்டு நான் வீட்டுல ஒக்காந்திருக்கவா? நடங்க."

அப்பா நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் விறகுக் கட்டை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். பங்களாக் கேட்டுக்கு முன்னால் அம்மா அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். திருட்டுச் சாமான் திருடியின் தலையில் இருப்பதுதானே முறை.

சின்னத்துரை அசந்துபோனார். கட்டின மனைவியையே பிடித்துக்கொடுத்த காவல்காரன்! மறுநாள் பெரட்டில் இப்படி ஒரு நேர்மையை இலங்கையிலேயே பார்த்ததில்லை என்று பேசினார். அம்மாவுக்கு ஒரு வாரம் வேலை இல்லை, இன்னொருமுறை அகப்பட்டால் அடியோடு இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். பெண்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். சிரிப்பை அடக்க அதைத் தவிர வழியில்லை. அப்பாவின் வேலை நிலைத்தது. பரிசாகத் துரை ஒரு விசிலும் கொடுத்தார், திருடரைக் கண்டால் ஊதுவதற்கு. மூன்று மலைக்குக் கேட்கும் விசில். அப்பா அன்றே தோப்பின் கீழ் வளைவில் நின்று முழு மூச்சோடு ஊதினார். அதன் பிறகு இருமித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

அந்த வாரம் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கால்வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டாள். கடைசி விறகு எரிந்து முடிந்த அன்று, அவள் படங்கை என் இடுப்பில் கட்டிக்கொண்டு நான் தோப்புக்குப் போனேன். ஓடுவதற்கான என் பொத்தான் நன்றாகவே வேலை செய்யும் என்ற தைரியம்தான். ஊர்ந்து நுழைவதில் நான் பெரிய ஆள் என்று சொன்னேன் அல்லவா? முதல் அடியிலேயே வழுக்கி விழுந்தேன். கத்தி ஒரு பக்கம் போனது, கயிறு ஒரு பக்கம் போனது. நான் போட்ட சத்தத்தில் கோட்டைக் காவல்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து வந்திருப்பார்கள்.

கீழ் வளைவில் விசில் கேட்டது. பெண்கள் நாலா பக்கமும் இறங்கிப் போனார்கள். நான் மட்டும் கயிற்றைத் தேடி மண்ணில் துழாவிக்கொண்டிருந்தேன்.

விசில் ஓய்ந்தது. அப்பா மேலே வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, பனிக்குள்ளிருந்து அவருடைய பழைய இருமல் கேட்டது, நான் கட்டைக் கட்டி முடிக்கும்வரை நிற்காமல்.