பசுவுக்கும் புலிக்கும் நடுவில் நான்

சினிமாவில் எத்தனையோ உத்தியோகங்கள் உண்டு. அவற்றில் மாட்டுக்கும் புலிக்கும் பின்னால் நடக்கிற உத்தியோகம்தான் என் தலையில் எழுதியிருந்தது. நீங்களும் ஆபீசில் மேலதிகாரியையும் வீட்டில் மாமனாரையும் சமாளித்தவர்களாகத்தான் இருப்பீர்கள். ஆகவே என் கஷ்டத்தை உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. என் மேலதிகாரிகளில் ஒருவருக்குக் கொம்பு இருந்தது, இன்னொருவருக்கு வால் நீளம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐம்பதுகளில் நடந்த சங்கதி இது. பசுவைப் புலி மறித்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். மேயப் போன பசுவைப் புலி மறிக்கிறது. "கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், அப்புறம் தின்றுகொள்" என்று பசு கெஞ்சுகிறது. சொன்னபடியே திரும்பி வந்து நிற்கிறது. புலி வெட்கப்பட்டு அதை விட்டுவிடுகிறது. இதைக் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கிற படமாக எடுக்க எங்கள் டைரக்டர் கிளம்பினார். தோல் போர்த்திய ஆள் வேண்டாம், பொம்மை வேண்டாம், நிஜப் பசுவும் நிஜப் புலியும்தான் நடிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற வழியில் ஒரு சவுக்குத் தோப்பை வாடகைக்குப் பிடித்தோம். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனால் தொழிற்சாலைச் சங்கு ஊதுகிறது. அன்றைக்கு அந்தச் சீமையிலேயே சத்தமாக ஊதியது எங்கள் புரொடக்ஷன் மானேஜரின் விசில்தான்.

ஒப்பந்தம்

பசு தேடி ஆரணி ஆற்றங்கரை ஊர்களில் செருப்புத் தேய அலைந்தேன். ஒன்று கறுப்பு, ஒன்றுக்கு ஒற்றைக் கொம்பு, ஒன்று டைரக்டரைப் பார்த்ததுமே முட்ட வந்தது. கடைசியில் பொன்னேரி ஸ்டேஷன் டீக்கடைக்குப் பால் ஊற்றுகிற மங்கம்மாவின் கொட்டிலில் ராஜாத்தியைக் கண்டேன். பால் வெள்ளை, பெரிய கண்கள், காலடியில் ஒரு இளங்கன்று. மங்கம்மா மாட்டைத் தரச் சம்மதித்தாள். ஆனால் கன்றை அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள், அது வெயில் தாங்காதாம். கூடவே ஒரு நிபந்தனை.

"இந்தக் கன்னு தலைமேல கை வச்சிச் சொல்லு நைனா. வெயிலு மஞ்சளா மாறச்சொல்லோ மாடு ஊட்டாண்ட நிக்கணும். கறக்குற நேரம் தப்புச்சின்னா மடி கட்டிக்கும். இதும் கத்திக்கினே கெடக்கும்."

கன்றின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். ஈர மூக்கால் என் முழங்கையை முட்டியது. "உனுக்குப் புள்ள கீதா?" என்று கேட்டாள். வண்ணாரப்பேட்டையில் என் மகள் இருக்கிறாள், தவழ ஆரம்பித்துவிட்டாளாம், ஷூட்டிங் முடிந்துதான் பார்க்க வேண்டும் என்றேன்.

"அப்போ கன்னு கத்துனா எப்டி இருக்கும்னு உனுக்கு நான் சொல்லித்தர வாணாம்."

கதாநாயகியின் பொட்டு

ஒரு வெள்ளிக்கிழமை காலை ராஜாத்தியை ஓட்டிக்கொண்டு பொன்னேரித் தெரு வழியாக வந்தேன். ஒரு வீட்டில் வாழைமரம் கட்டிப் புதுமனை புகுவிழா. முதலில் வீட்டுக்குள் நுழைய வேண்டிய பசு எங்கேயோ போய்விட்டதாம், வீட்டுக்காரர் வாசலில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நல்ல நேரம் முடியப் போகிறது. அந்தச் சமயம் பார்த்து வெள்ளை வெளேரென்று ஒரு பசு தெருவில் வந்தால் விடுவார்களா? நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் சூழ்ந்துகொண்டு, மஞ்சள் பூசி, கை நிறையக் குங்குமம் வைத்து, மாலை போட்டு உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். ராஜாத்தி ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, கூடத்து நடுவில் சாணமும் போட்டது. வீட்டுக்காரர் கண்ணில் ஆனந்தக் கண்ணீர்.

என் கண்ணில் வந்தது வேறு கண்ணீர். முந்தின நாள் வரை எடுத்த காட்சிகளில் பசுவுக்குப் பொட்டும் கிடையாது, முகத்தில் மஞ்சளும் கிடையாது. தேங்காய் நாரால் தேய்த்தும் மஞ்சள் போகவில்லை. கேமராமேன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். டைரக்டர் மாட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஊர்ப் பெண்கள் பசுவுக்குப் பூஜை செய்கிற மாதிரி ஒரு காட்சியை அங்கேயே எழுதிச் சேர்த்தார். படம் வந்தபோது எல்லோரும் அந்தக் காட்சியைத்தான் பிரமாதம் என்றார்கள். ஆனால் அன்றைக்கு என்னிடம் அவர் சொன்னது:

"துரைசாமி, இனிமேல் ஊரில் கல்யாணம் காட்சி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடும். அதற்குத் தகுந்தபடி கதை எழுதிக்கொள்கிறேன்."

சுல்தான்

புலியின் பெயர் சுல்தான். சர்க்கஸிலிருந்து வந்தது. கூட வந்தவர் தஸ்தகீர் பாய். பழவேற்காட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். கடையில் உட்காரப் பிடிக்காமல் சின்ன வயதிலேயே சர்க்கஸோடு போய்விட்டவர். சுல்தானுக்கு வயதாகிவிட்டிருந்தது. உறுமச் சொன்னால் கொட்டாவி விடும். டைரக்டரும் அதன் கொட்டாவியைப் படம் பிடித்துக்கொண்டு, உறுமலை ஸ்டுடியோவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். எனக்கு அந்தப் புலியைப் பிடித்துப்போயிற்று. இந்தப் படத்தில் என்னை ஒருநாளும் திட்டாதது அது ஒன்றுதான்.

தம்பி பக்கத்திலேயே இருக்கிறான் என்று கேள்விப்பட்டு பாயின் அண்ணன் பழவேற்காட்டிலிருந்து வந்தார். "நாஷ்டா துன்னியா?" என்று ஆரம்பித்து, "போதும்டா, கடைல ஒக்கார ஆள் இல்ல, வந்துடு" என்று கெஞ்சினார். பாய் கூண்டுக் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தார். சுல்தான் வந்து அவர் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. "இத்த வுட்டுட்டு எப்டிண்ணே வர்றது?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சரி, இத்தையும் கூட்டியாந்து கடைல ஒக்கார வையி. ஒரு பய பேரம் பேசமாட்டான்."

முதல் அறிமுகம்

பசுவையும் புலியையும் ஒரே ஷாட்டில் காட்டினால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்றார் டைரக்டர். சவுக்குக் கிளைகளால் மறைத்த கூண்டில் சுல்தான் இருந்தது. நான் தாம்புக்கயிற்றை மணிக்கட்டில் நன்றாகச் சுற்றிக்கொண்டு ராஜாத்தியை நடத்தி வந்தேன். கயிற்றை அப்படிச் சுற்றக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காற்று திசை மாறியது. புலி வாடை மூக்கில் பட்டதும் ராஜாத்தி ஒரு தடவை சிலிர்த்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிறகு நான் தோப்பையும், வேலியையும், ஆற்று மணலையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். வேட்டி முள்வேலியிலேயே தங்கிவிட்டது.

மாடு நின்ற இடம் மங்கம்மாவின் கொட்டில். கன்றை நக்க ஆரம்பித்துவிட்டது. நான் அரை டிராயரோடு கயிற்றின் மறுமுனையில் கிடந்தேன். வறட்டி தட்டிக்கொண்டிருந்த மங்கம்மா நிமிர்ந்து, முதலில் சூரியனைப் பார்த்தாள், அப்புறம் என்னை.

"இன்னா நைனா, இன்னும் உச்சிப்பொழுதே சாயல. இவ்ளோ சீக்கிரமா கொணாந்து வுடுன்னு நான் கேக்கலியே."

மஞ்சள் வெயில்

எந்த நேரத்தில் மாடு வீட்டில் நிற்க வேண்டும் என்று மங்கம்மா சொன்னாளோ, அதே நேரத்து வெயில்தான் டைரக்டருக்கும் வேண்டும். பசு சாகத் துணிந்து புலியைத் தேடி வருகிற கடைசிக் காட்சி அந்தப் பொன் வெளிச்சத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. தினமும் வெயில் மஞ்சளாகும். அவர் கேமராவைத் திருப்பச் சொல்லுவார். நான் மாட்டை அவிழ்ப்பேன். "எங்கே ஓய் போகிறீர்?" என்பார். "கறவைக்கு சார்" என்பேன். கன்றின் தலையில் வைத்த கை சார் என்று காட்டுவேன். அவர் தொப்பியைத் தரையில் போட்டு மிதிப்பார். கேமராமேன் மட்டும் சிரித்துக்கொண்டே லென்ஸைத் துடைப்பார்.

"பெரிய பெரிய ஹீரோயினுக்கெல்லாம் படம் பிடிச்சிருக்கேன். பொழுது சாய ஊட்டுக்குப் போயே தீரணும்னு சொன்னவங்க இவங்க ஒருத்தங்கதான்."

கடைசி நாள்

மறுநாள் சர்க்கஸ் ஆந்திராப் பக்கம் கிளம்புகிறது, புலி போய்விடும். அந்த ஷாட் இல்லாவிட்டால் படமே இல்லை. "இன்றைக்கு மாடு போகக் கூடாது, போனால் நீரும் போய்விடும்" என்று டைரக்டர் சொல்லிவிட்டார். பாவம், அவருடைய வீட்டுப் பத்திரம் இந்தப் படத்துக்காக அடகில் இருந்தது. நான் மத்தியானமே மங்கம்மாவிடம் ஓடினேன். ஒரே ஒரு சாயங்காலம் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டேன்.

"கை வச்சது கன்னு தலைமேல. என்னாண்ட கேட்டா? கன்னாண்ட கேளு" என்றாள். கன்று என் கையை நக்கியது. அதைப் பார்த்ததும் அவள் மனம் இளகியது. "சரி, மாடு கன்னாண்ட வரலன்னா கன்னு மாட்டாண்ட வரட்டும். சொம்பு எடுத்துக்கினு நானே இட்டாறேன். அங்கியே கறந்துக்கறேன். ஆனா நேரம் தப்பக் கூடாது" என்றாள். அவள் காலில் விழலாம் போலிருந்தது.

வெயில் மஞ்சளானது. தோப்பின் கோடியில் ராஜாத்தியை நிறுத்தினோம். இந்தப் பக்கம் கிளைகளுக்குப் பின்னால் சுல்தானின் கூண்டு, அதை ஒட்டிக் கேமரா. மாடு ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. புல் காட்டினோம், தவிடு காட்டினோம், பின்னாலிருந்து தட்டினோம். நாலு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு பொன்னேரி இருக்கிற திசையைப் பார்த்து நின்றது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. டைரக்டர் ஒரு சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது கேமராவுக்குப் பின்னால் பழவேற்காட்டுச் சாலையில் மங்கம்மா வந்தாள். அவளுக்கு முன்னால் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்த கன்று 'அம்மா' என்று ஒரு தடவை கத்தியது.

ராஜாத்தி திரும்பியது, நடந்தது. பயமில்லாமல் நடக்கவில்லை. காது இரண்டும் கூண்டுப் பக்கமே விறைத்து நின்றன, தோல் சிலிர்த்தது, கண் வெள்ளை தெரிந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. கனத்த மடி ஆட, நேராகப் புலியின் முன்னால் வந்தது. சுல்தான் எழுந்து நின்று பார்த்தது. அன்றைக்கு அது கொட்டாவி விடவில்லை. கேமராவைத் தவிர அந்தத் தோப்பில் எதுவும் சத்தம் போடவில்லை. கூண்டைக் கடந்து வந்து ராஜாத்தி கன்றின் முதுகில் நாக்கை வைத்தபோது டைரக்டர் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன்.

மங்கம்மா யாரையும் கண்டுகொள்ளாமல் குந்தி உட்கார்ந்து கறக்க ஆரம்பித்தாள். தஸ்தகீர் பாய் ஒரு தட்டை நீட்டினார், அவளும் ஊற்றினாள். சுல்தான் ஒரு சொட்டு விடாமல் நக்கியது. "கதைல பசுவ வுட்டுச்சு, இங்க பாலக் கூட வுடல" என்றார் பாய். சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு மாட்டையும் கன்றையும் ஓட்டிப் போகும்போது மங்கம்மா என் பக்கம் திரும்பினாள்.

"மாடு ஊட்டுக்குப் போவுது. நீ எப்போ போற?"

கொட்டகையில்

அன்றைக்கே ரயிலேறிவிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. என் மகள் என்னைப் பார்த்து யாரோ என்று முதலில் அழுதாள். அப்புறம் என் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

படம் வெளியாகி, சுற்றிச் சுற்றி மீஞ்சூர் டெண்டு கொட்டகைக்கு வந்தது. மனைவியையும் மகளையும் அழைத்துப் போனேன். மங்கம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள். அங்கே மங்கம்மாவும் என் மனைவியும். இந்தப் பக்கம் மணலில் நான், மடியில் மகள். கடைசிக் காட்சி வந்தது. பொன் வெளிச்சத்தில் ராஜாத்தி புலியை நோக்கி நடந்தது. கொட்டகை முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். என் பக்கத்தில் இருந்தவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாடுன்னா கூட இன்னா, குடுத்த வாக்க காப்பாத்த சாவறதுக்குப் போவுது பாரு" என்றார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மங்கம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"வாக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. கன்னு அந்தாண்ட கீது, மாடு போவுது. நடுவுல புலி நின்னா அதுக்கு இன்னா?"

அடுத்த படத்திலிருந்து என்னை மனித நடிகர்களை மேய்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வெயில் மஞ்சளானதும் வீட்டுக்குப் போயே தீர வேண்டும் என்று அங்கே அடம்பிடித்த ஒரே பிராணி நான்தான்.